நாலாம் கட்டத்தில் எழுத ஒரு பெயர்

1. முதல் நாள்

துறைமுகத்தில் லோஞ்ச் என்று சொல்லும் ரோந்து மோட்டார் படகில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இன்ஸ்பெக்டர் பொன்னுத்துரை எனக்குச் சுக்கானைக் காட்டவில்லை. ஒரு படிவத்தைக் காட்டினார்.

“தம்பி, மீன்பிடிகாரன் வலையோட கடலுக்குப் போறான். நாங்கள் இதோட போறம்,” என்றார்.

மூன்று பிரதி, நடுவில் இரண்டு காபன் தாள். படிவத்தில் நாலு கட்டம். ஒன்று, லைசன்ஸ். இரண்டு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. மூன்று, மணி, விளக்கு, நங்கூரம், தண்ணீர் இறைக்கும் பாத்திரம். நாலு, படகுத் தலைவரின் பெயரும் கையெழுத்தும்.

மீன்பிடிப் படகுகளுக்கு வேறு சட்டம், வேறு ஆட்கள். எங்கள் பாடு உல்லாசப் படகுகளோடு மட்டும். வெள்ளைக்காரர் எங்கள் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது சின்னச் சின்னப் படகுகளை விற்றுவிட்டுப் போனார்கள். அவற்றை வாங்கியவர்கள் டொக்டர்மார், வாத்திமார், அரசாங்க அலுவலகங்களான கந்தோர்களில் வேலை செய்தவர்கள். கிழமை நாட்களில் கதிரையில் இருந்து ஊரைச் சட்டம் கேட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பானையோடு உள்துறைமுகத்துத் தீவுகளுக்குப் போவார்கள். அவர்களை மறித்துச் சட்டம் கேட்பது எங்கள் வேலை.

இன்ஸ்பெக்டரிடம் இரண்டு ஒழுங்கு இருந்தது. மறித்த படகைப் பக்கத்தோடு சேர்த்துக் கட்டியதும் இஞ்சினை நிறுத்த வேண்டும். “அதிர்வில எழுத்து ஆடும்,” என்பார். இரண்டாவது, நாலு கட்டமும் நிரம்பும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காற்றையும் நீரோட்டத்தையும் கடலில் படித்தேன். தமிழை மனிதர் வாயில் படித்தேன். யாராவது கேட்கத்தக்க கதை ஒன்று சொன்னால் சிகரெட் பெட்டியைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். இங்கே எழுதுவதில் பாதி அந்தப் பெட்டிகளில் இருந்து வருகிறது.

2. மணியும் கறிச்சட்டியும்

சட்டப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைச் சனங்கள் அவரவர் வீட்டு வழக்கப்படி நிறைவேற்றினார்கள்.

ஒரு கணக்கு வாத்தியார் மணிக்குப் பதிலாகச் சாமியறை மணியைக் கொண்டு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அடித்துப் பார்க்கக் கையை நீட்டினார். வாத்தியாரின் மனைவி மணியைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஐயா குறை நினைக்கக் கூடாது. சப்பாத்தோட தொடுறதில்லை.”

இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். கடல் நீரில் கை கழுவினார். பிறகு மணியை அடித்தார். அடித்த கையோடு தன்னையறியாமல் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூன்றாம் கட்டத்தில் “திருப்தி” என்று எழுதினார்.

இன்னொரு படகில் தண்ணீர் இறைக்கும் பாத்திரம் எங்கே என்று கேட்டோம். வீட்டுக்கார அம்மா ஒரு பெரிய சட்டியைக் காட்டினார். மூடியைத் திறந்தால் உள்ளே விளைமீன் கறி.

“இது கறியல்லோ?”

“இப்ப கறி. சாப்பிட்டு முடிஞ்சா இறைக்கலாம்.”

“அதுக்கு முன்னம் படகுக்குள்ள தண்ணி வந்தா?”

“அப்ப கெதியாச் சாப்பிடுவம்.”

அதையும் நான் எழுதி வைத்தேன்.

3. எனக்கு வர வேண்டியிருந்த கடிதம்

இனிச் சொல்லப்போவது நான் சேர்ந்து ஒரு வருடம் முடிய ஆறு நாள் இருந்தபோது நடந்தது.

கொக்ஸன், அதாவது லோஞ்சின் சுக்கான் பிடிப்பவன், ஒரு வருடம் தகுதிகாண் காலத்தில் இருக்க வேண்டும். குற்றம் குறை இல்லாவிட்டால் நிரந்தரக் கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்காக என்னைவிட அதிகமாக ஒருவர் காத்திருந்தார். லிங்கநகரில் இருந்த புஷ்பத்தின் தகப்பனார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புஷ்பத்துக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கும் அப்படித்தான். தகப்பனாருக்கோ கடிதங்களில்தான் நம்பிக்கை.

“கடிதத்தைக் கொண்டு வாங்கோ தம்பி. அடுத்த நாளே நாள் பார்ப்பம். கடிதம் இல்லாட்டி, பிள்ளைக்கு வேற இடமும் கேட்டு வந்திருக்கு,” என்று சொல்லியிருந்தார்.

எனக்கு முன்பு இருந்த கொக்ஸனுக்கு அந்தக் கடிதம் வரவேயில்லை. உள்துறைமுகத்தின் கிழக்கே, கடற்படைக் கப்பல்துறையைச் சுற்றிச் சிவப்பு மிதவைகள் வரிசையாக இருந்தன. அனுமதி இல்லாமல் அந்த வரிசையைத் தாண்டக் கூடாது. அவர் ஒருநாள் தாண்டிவிட்டார். அடுத்த மாதம் வீட்டுக்குப் போய்விட்டார்.

சட்டப் புத்தகத்தில் ஒரு வரியை நான் எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருந்தேன். லோஞ்சில் எவ்வளவு பெரிய அதிகாரி ஏறியிருந்தாலும், அது ஓடும்போதும் மிதக்கும்போதும் பொறுப்பு கொக்ஸனுடையது. படித்தேன். விளங்கியது. நடக்கும் என்று நம்பவில்லை.

4. ஞாயிறு பதினொரு மணி

கச்சான் காற்று வீசும் காலம். மேற்கிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வரும் சூடான காற்று. மிதவை வரிசைக்கு நன்றாக மேற்கே ஒரு பச்சைப் படகை மறித்தோம். பின்னால் அவுட்போட் மோட்டார், பக்கத்தில் “ரோஸி” என்று வெள்ளை எழுத்து. பழைய வெள்ளைக்காரச் சொந்தக்காரர் வைத்த பெயர்.

உள்ளே ஐந்து பேர். மோட்டாரைப் பிடித்திருந்தவர் யோகராசா, தந்திக் கந்தோரில் வேலை. கல்யாணமாகி மூன்று வாரம். படகின் முன்முனையான அணியத்தில், நங்கூரத்தின் பக்கத்தில், அவர் மனைவி வசந்தா. நடுவில் அவளுடைய தகப்பனார், சாம்பல்தீவில் முன்பு விதானையாராக, அதாவது கிராம அதிகாரியாக, இருந்தவர். அவருக்குப் பக்கத்தில் தாயார். எதிரே தாயாரின் அண்ணன், வசந்தாவுக்கு அம்மான், ஈச்சிலம்பற்றிலிருந்து விருந்துக்கு வந்தவர். பட்டு வேட்டிக்கும் பட்டுச் சேலைக்கும் மேல் எல்லோரும் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டே வந்த ஒரே குடும்பம் இதுதான்.

கயிற்றைக் கட்டினேன். இஞ்சின் டிறைவர் காசிம் காக்கா, கிண்ணியாக்காரர், அங்கே காக்கா என்றால் அண்ணன், இஞ்சினை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் லோஞ்சின் முன்பக்கம் நின்று படிவத்தை விரித்தார். லைசன்ஸ் சரி. அங்கி சரி. மணி, விளக்கு, நங்கூரம், பாத்திரம் எல்லாம் சரி. குறை ஒன்றும் கிடைக்காததில் அவருக்குச் சின்ன மனத்தாங்கல்.

“நாலு. படகுத் தலைவர் ஆர்?”

யோகராசா வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மாமனார் செருமினார். தொண்டையில் ஏதாவது இருந்திருக்கும். ஆனால் மூன்று வார மருமகனுக்கு மாமனாரின் செருமலும் ஒரு கட்டளைதான்.

“மாமா இருக்கேக்க நான் என்னெண்டு தலைவர் எண்டு சொல்லுறது? மாமான்ர பேரைப் போடுங்கோ.”

விதானையாருக்கு முகம் மலர்ந்தது. மலர்ந்ததை உடனே மடித்துக்கொண்டார்.

“சீச்சீ. நான் மருமகன்ர படகில வந்த விருந்தாளி. அதோட, பிள்ளையின்ர அம்மான் பக்கத்தில இருக்கேக்க நான் முந்துறது வடிவில்லை.”

அம்மான் கடலைப் பார்த்தபடியே கேட்டார்: “ஏன், கலியாணக் கார்டில வேற ஆளை முந்தவிடேக்க அந்த வடிவு தெரியேல்லையோ?”

படகில் காற்று நின்றுபோனது போல் இருந்தது. உண்மையில் காற்று நிற்கவில்லை. அதுதான் பிரச்சினை.

கதை இதுதான். கல்யாண அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் ஐந்தாவது வரியில் வந்துவிட்டது. நாலாவது வரியில் பஸ் வைத்திருந்த ஒரு தூரத்து உறவினர்.

“அண்ணே, அது அச்சுக்கூடக்காரன்ர பிழை,” என்றார் தாயார்.

“அவனுக்கு எழுதிக் குடுத்த கையும் அவன்ர கைதானோ தங்கச்சி?”

விதானையார் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். “ஐயா, இதில மச்சான்ர பேரையே போடுங்கோ. முதலாவதாப் போடுங்கோ.”

“வேண்டாம்,” என்றார் அம்மான். “நடுக்கடலில, ஒருத்தரும் வாசிக்காத கடதாசியில மரியாதையோ? தாறதெண்டா நாலு பேர் பாக்கத் தரையில தாங்கோ.”

இன்ஸ்பெக்டருக்குக் கதை பிடித்துவிட்டது. அவர் தங்கையின் கல்யாணத்திலும் அழைப்பிதழில் ஏதோ நடந்திருக்க வேண்டும். “மூண்டு பேரையும் போட ஏலாதே,” என்று தனக்குள் சொன்னார். “கட்டம் கொள்ளாது.”

நான் பின்பக்கம் சுக்கானோடு நின்றேன். தலையைத் திருப்பினால் சிவப்பு மிதவை. முன்பு தேங்காய் அளவில் தெரிந்தது, இப்போது பூசணிக்காய் அளவில் தெரிந்தது.

“சேர், மிதவை கிட்டுது. இஞ்சினைப் போடட்டோ?”

“பொறும் தம்பி. குடும்பக் கதை முடியட்டும்.”

கொஞ்சம் பொறுத்தேன். மிதவையில் துருப்பிடித்த இடம் தெரிந்தது.

“சேர்...”

திரும்பாமலே பேனையைத் தூக்கிக் காட்டினார்.

காசிம் காக்கா இஞ்சின் குழிக்குள் இருந்து தலையை நீட்டினார். “தம்பி, சொல்லு, இழுத்து விடுறன். என்ர கை உன்ர வாயைப் பாத்துக்கொண்டு இருக்கு.”

“ஐயா சொல்லட்டும் காக்கா,” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களில் மிகவும் வெட்கப்படுகிற வசனம் அது.

அப்போது அணியத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். வசந்தா நங்கூரத்தைத் தூக்கிப் போட்டிருந்தாள். யாரும் போடச் சொல்லவில்லை. ஆழம் குறைந்த இடம், நங்கூரம் பிடித்தது. சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு படகும் மூக்கை மேற்குக்குக் கொடுத்து, வால்பக்கம் கிழக்கே வீசித் திரும்பி நின்றன. ஒரு சிவப்பு மிதவை வந்து லோஞ்சின் நடுவயிற்றில் உரசியது.

லோஞ்சின் முன்பாதி வெளியே. பின்பாதி உள்ளே. பச்சைப் படகு முன்பாதியோடு கட்டியிருந்ததால் முழுதாக வெளியே. இன்ஸ்பெக்டர் வெளியே. நான் உள்ளே.

காசிம் காக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். “தம்பி, நான் உள்ளுக்கோ, வெளியிலையோ?”

5. எந்தப் பாதி?

கடற்படையின் சின்னக் காவல் படகு ஒன்று வந்தது. அதில் மூன்று பேர். அதிகாரியாக வந்தவர் சிங்களவர், வெயிலில் கறுத்த மெலிந்த மனிதர், துண்டு துண்டாகத் தமிழ் பேசினார். ரோந்து லோஞ்சே எல்லை தாண்டி நிற்பதைப் பார்த்தார். பிறகு தோடம்பழ நிற அங்கிகளைப் பார்த்தார். பிறகு மிதவையைப் பார்த்தார்.

“பாதி உள்ள. பாதி வெளிய,” என்றார். “எனக்கு ரிப்போட் எழுத வேணும். மாஸ்டர் எந்தப் பாதி?”

அவரிடமும் ஒரு படிவம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் தன் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நான் இதில ஒரு பயணி மாதிரி. லோஞ்சுக்குத் தலைவர் கொக்ஸன்தான்.”

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. பயந்துவிட்டார். அத்தோடு அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்குப் புஷ்பத்தின் தகப்பனார் கைநீட்டிக் கடிதம் கேட்பது தெரிந்தது. ‘ஐயா இருக்கேக்க நான் என்னெண்டு’ என்பது என் நுனி நாக்குவரை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மேல் போட்டால் தலைவர் வெளியே, லோஞ்சும் ஒருவிதமாக வெளியே, என் கடிதமும் வரும். அந்த நேரம் பச்சைப் படகில் இருந்து யோகராசா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு அனுதாபமான பார்வை. ‘நீங்களும் எங்கட ஆள்தான்’ என்கிற பார்வை. எனக்கு அது பொறுக்கவில்லை.

“நான்தான் தலைவர்,” என்றேன். “நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன்.”

படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

“நல்லது,” என்றார் அதிகாரி. “ஒருத்தரும் இல்லை சொன்னா எல்லாரையும் ஏத்த வேணும். எங்க படகு சின்னது.”

பிறகு பச்சைப் படகைக் காட்டி இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்: “அதுக்கு மாஸ்டர்?”

மூன்று ஆண்களும் மூன்று திசையைப் பார்த்தார்கள். அணியத்தில் இருந்து வசந்தா எழுந்து வந்தாள்.

“என்ர பேரை எழுதுங்கோ. படகு எனக்குச் சீதனமா வந்தது. லைசன்சும் என்ர பேரிலதான் இருக்கு, நீங்கள் முதலாவது கட்டத்தில எழுதினனீங்கள். நங்கூரம் போட்டதும் நான்தான். கெதியா எழுதுங்கோ ஐயா, சோறு ஆறுது.”

இன்ஸ்பெக்டர் முதலாம் கட்டத்தைப் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே வசந்தாவின் பெயர் இருந்தது.

“இவ்வளவு நேரமும் ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே.”

அம்மான் முதல் தடவையாகச் சிரித்தார். “அதுதானே. பிள்ளை போட்டா ஒருத்தருக்கும் குறையில்லை.” விதானையார் தலையை ஆட்டினார். யோகராசா பெருமூச்சு விட்டார். நாலாம் கட்டம் நிரம்பியது. கயிறு அவிழ்ந்தது. வசந்தாவின் தாயார் மட்டும் மூன்று படகுக்கும் கோழிக்கறி கொடுக்காமல் போக விடமாட்டேன் என்று நின்றார். கோப்பைகள் வந்தன. யார் முதலில் கை வைப்பது என்று மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடற்படைக்காரர்கள்தான் முதலில் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு எங்கள் முறைகள் தெரியாது.

6. விசாரணை

புதன்கிழமை துறைமுக மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கடற்படையின் அறிக்கை இருந்தது.

“இது உம்மட கையெழுத்தோ?”

“ஓம் சேர்.”

“இன்ஸ்பெக்டர் இஞ்சினைப் போட வேண்டாம் எண்டு சொன்னவரோ?”

வெளியே வாங்குப் பலகையில் இன்ஸ்பெக்டர் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

“பொறுக்கச் சொன்னவர் சேர். பொறுத்தது நான்.”

அவர் அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. தகுதிகாண் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். கடிதம் வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த கடிதம் அல்ல.

அதை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே லிங்கநகருக்குப் போனேன். பிறகு யாராவது சொல்லி அறிவதைவிட நானே சொல்வது நல்லது என்று நினைத்தேன். புஷ்பத்தின் தகப்பனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை வாசித்தார். தபால்காரர் பழக்கத்தில் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“ஆர் பிழை விட்டது?”

“நான்.”

“உங்களை ஆரும் மாட்டி விட்டவையோ?”

“இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டனான்.”

எழுந்து குசினிக்குப் போனார். அங்கே புஷ்பத்தின் தாயாரோடு கதைத்தார். மெல்லக் கதைக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

“மூண்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கினம்,” என்றார் அவர்.

“போகட்டும். நிரந்தரம் மூண்டு மாதத்தில வரும். நான்தான் பிழை எண்டு சொல்லுற ஆம்பிளை இந்த வீட்டுக்கு முப்பது வருஷமா வரேல்லை,” என்றார் தாயார்.

 பிறகு அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பஞ்சாங்கத்தோடு வெளியே வந்தார்.

லோஞ்சுக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. மரியாதை வேண்டும். பெரியவர் முன்னால் குரலைத் தாழ்த்துங்கள், கதிரையைக் கொடுங்கள், முதற் கோப்பைத் தேத்தண்ணீரைக் கொடுங்கள். சுக்கானைக் கொடுக்காதீர்கள். அதை அவர்கள் கேட்கவும் இல்லை. நாங்களாகவே கையில் திணித்துவிட்டு, பிறகு அவர்கள் பிடிக்கவில்லை என்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கச்சான் அடித்தது. ஒரு வங்கிக்காரரின் படகை மறித்திருந்தோம். இன்ஸ்பெக்டர் படிவத்தின் இரண்டாம் கட்டத்தில் நின்றார். மிதவை தேங்காய் அளவில் தெரிந்தது. நான் காசிம் காக்காவுக்குக் கையைக் காட்டினேன். இன்ஸ்பெக்டரிடம் இஞ்சினைப் போடட்டுமா என்று கேட்கவில்லை.

“சேர், பிடிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன்.

அவர் பிடித்துக்கொண்டார்.